முதல் தண்ணீரில் ஐந்து சிட்டிகை

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷம் யோசித்தேன். எழுதினால் சாமியைக் குறை சொன்னதாக ஆகுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் சாமி பெயரில் பொய்யை வளர விட்டதாக ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டும் சமமாக இருந்ததால் பேனாவைத் தொடவில்லை. போன வாரம் என் மச்சினன் தணிகாசலம் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒரு பக்கத்தைச் சாய்த்துவிட்டது.

தணிகா மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறான். என் மனைவி கற்பகத்தின் தம்பி. காலை ஐந்து மணிக்கே குடும்பக் குழுவில் ஏதாவது ஒரு சாமி படம் போட்டுவிடுவான். அன்றைக்குப் படத்துக்குக் கீழே ஒரு கதையும் இருந்தது.

மயிலாப்பூரைச் சேர்ந்த சிவபக்தரான விஞ்ஞானி ஒருவர், அரபு நாட்டில் வற்றிப்போன எண்ணெய்க் கிணற்றில் ஒரு மூட்டை திருநீறு கொட்டினாராம். எண்ணெய் தென்னைமர உயரத்துக்குப் பீறிட்டதாம். அதுவரை திருநீற்றைக் கேலி செய்து சிரித்த பெண் அதிகாரி வெட்கித் தலைகுனிந்தாராம். இதைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வருமாம்.

அதோடு தணிகாவின் குரல் ஒன்று. "மாமா, இத்த பாத்தியா? அச்சு அசலா உன் கத மாதிரியே கீது. ஆனா இவுரு விஞ்ஞானி மாமா."

அந்த விஞ்ஞானி நான்தான். பெயர் ஏகாம்பரம். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஓமானில், மஸ்கட்டில், எண்ணெய் ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடத்தில் தண்ணீர் கலக்குகிறவன். மூட்டை கொட்டவில்லை. ஐந்து சிட்டிகை போட்டேன். எண்ணெய் தென்னைமர உயரம் ஏறவில்லை. கண்ணாடிக் குழாயில் இரண்டு கோடு ஏறியது.

அதையெல்லாம்கூட விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண் அதிகாரி சிரிக்கவே இல்லை. எனக்கு நெஞ்சில் குத்தியது அதுதான்.

2

தண்ணீர் கலக்குவது ஒரு வேலையா என்று ஊரில் கேட்பார்கள். என் மாமனார் இன்றைக்கும் கேட்கிறார். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் பூமிக்கடியில் குளம் மாதிரி நிற்பதில்லை. கல்லுக்குள்ளே, ஊசி நுழையாத சந்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் தானாகக் கொஞ்சம் வரும். பிறகு பக்கத்தில் ஒரு கிணறு தோண்டி, அதன் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளி, எண்ணெயை இந்தப் பக்கம் ஓட்டி வருவார்கள். அப்படியும் பாதிக்கு மேல் கல்லை விட்டு வராது. அந்தத் தண்ணீரில் எந்த உப்பைக் குறைத்தால், எந்த உப்பைக் கூட்டினால் கல் தன் பிடியை விடும் என்று பார்ப்பதுதான் எங்கள் கூடத்தின் வேலை. ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த விரல் நீளக் கல்லை எண்ணெயில் ஊறவைத்து, ஒரு இரும்புக் குழாய்க்குள் இறுக்கி, அதன் வழியே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுவோம். மறுமுனையில் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று மணிக்கு ஒரு தடவை நான் படித்து எழுத வேண்டும்.

என்னுடைய மேலதிகாரி ஷம்ஸா மேடம். ஓமான் நாட்டுப் பெண், பெரிய படிப்பு, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். முதல் நாள் பலகையில் படம் வரைந்து எனக்கு இதை விளக்கினார். பாதியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. காரணம், நான் பட்டினப்பாக்கம் பக்கத்து ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். எங்கள் அடிபம்பில் வருவது கடல் தண்ணீருக்குத் தங்கச்சி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால், அந்தத் தண்ணீரில் எவ்வளவு சீயக்காய் போட்டாலும் தலை பிசுபிசு என்றுதான் இருக்கும். கடைசியில் இரண்டு சொம்பு லாரித் தண்ணீர் விட்டால் எண்ணெய் சட்டென்று இறங்கிவிடும். அந்த இரண்டு சொம்புக்காக நாங்கள் குடத்தோடு போட்ட சண்டையில் இரண்டு பேருக்குத் தையல் போட்டிருக்கிறது.

"மேடம், திஸ் ஸ்டோன் ஆயில் பாத்," என்றேன். "ஸ்டோன் இஸ் ஹெட். பம்ப் வாட்டர் நோ குட். லாரி வாட்டர் கமிங், ஆயில் கோயிங்."

அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்து, "இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்," என்றார். அடுத்த மாதம் பெரிய அதிகாரிகளுக்கு அவர் காட்டிய படங்களில் இரண்டாவது படத்தில், எண்ணெய் வழியும் ஒரு தலையும் ஒரு சொம்பும் இருந்தன. சொம்பின் மூக்கு தப்பாக இருந்தது. சொம்புக்கு மூக்கே கிடையாது என்று நான் சொல்லவில்லை.

3

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் யார் புதிதாக போர் போட்டாலும், புதுத் தொட்டி கட்டினாலும், முதல் தண்ணீரில் மஞ்சளும் திருநீறும் போடாமல் யாரும் குடம் வைக்க மாட்டார்கள். தண்ணீர் என்றால் அப்படி. வருகிற வரைக்கும் வருமா என்று தெரியாது.

மேடத்தின் பரிசோதனைக்காகப் புதிதாக ஒரு எஃகுப் பாத்திரம் வந்தது. புத்தம் புதுசு, முகம் பார்க்கலாம். மேடம் கொடுத்த அளவுப்படி உப்புகளை நிறுத்துப் போட்டுக் கலக்கினேன். முதல் தண்ணீர். கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. கபாலி கோயில் வாசல் கடையில் வாங்கிய திருநீற்றை ஒரு மாத்திரை டப்பாவில் எப்போதும் வைத்திருப்பேன்.

பிள்ளையாருக்கு ஒரு சிட்டிகை. அப்புறம் கபாலிக்கு ஒன்று. அம்பாளை விட்டால் வீட்டில் கற்பகம் கேட்பாள், அதனால் அம்பாளுக்கு ஒன்று. சிங்காரவேலருக்கு ஒன்று. நவக்கிரகம் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒன்று.

நான் மூடன் இல்லை. அடுத்தது வடிகட்டுவது என்று எனக்குத் தெரியும். வெள்ளைப் பொடி எல்லாம் வடிகட்டியில் நின்றுவிடும், அருள் மட்டும் கீழே இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியது. மூன்றாம் நாள் குழாயில் எண்ணெய் மேடம் எதிர்பார்த்ததைவிட இரண்டு கோடு அதிகம். கேட்பவருக்கு இரண்டு கோடு அற்பம். ஒரு எண்ணெய் வயல் முழுவதும் அப்படி வந்தால் எவ்வளவு என்று மேடம் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு, முட்டை போடாதது, மேடம் தனியாகச் சொல்லி வைத்தது. தொண்டையில் இறங்கும்போது மனசுக்குள் கபாலிக்கு நன்றி சொன்னேன். மேடத்துக்கும் கபாலிக்கும் பாதிப் பாதி என்று பிரித்துக்கூட வைத்தேன்.

பிறகு அதையே திரும்பச் செய்தார்கள். ஒரு தடவை வந்தால் போதாதாம், மறுபடியும் வர வேண்டுமாம். அதே வகைக் கல், அதே அளவு உப்பு, அதே பாத்திரம். பாத்திரம் இப்போது பழையது, அதனால் திருநீறு போடவில்லை.

இரண்டு கோடும் வரவில்லை.

4

தலைமை அலுவலகத்திலிருந்து கேள்விகள் வந்தன. நாகரிகமான கேள்விகள்தான். ஆனால் படித்தவர்கள் நாகரிகமாகக் கேட்பது எங்கள் தண்ணீர்க் குழாயடியைவிட மோசமாக இருக்கிறது. முதல் தடவை அளவைச் சரியாகத்தான் படித்தீர்களா? படித்ததைச் சரியாகத்தான் எழுதினீர்களா? மேடம் எண்ணைக் கூட்டி எழுதிவிட்டார் என்பதை இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

மேடம் ஒரு வாரம் தூங்காத கண்ணோடு வந்தார். தராசைச் சோதித்தார், பம்பைப் பிரித்தார். ஒரு நாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏகாம்பரம், முதல் தடவை நீங்கள் ஏதாவது வேறு மாதிரி செய்தீர்களா?"

"நோ மேடம்," என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. இருபத்திரண்டு வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில் நான் இலக்கணப் பிழை இல்லாமல் பேசிய இங்கிலீஷ் அதுதான்.

பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. திருநீறு போடுவது ஒரு செய்கையா? நெற்றியில் இட்டுக்கொள்வது மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றி நின்றபோது மந்திரம் பாதியில் மறந்துபோனது.

அடுத்த வாரம் எனக்கு லீவு. பாலவாக்கத்தில் ஒரு கல்யாணம். ஏர்போர்ட்டிலிருந்து தணிகாவின் ஆட்டோவில் வரும்போது, தேனாம்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்டோம். அங்கே, நாலு பக்கமும் ஹாரன் அடிக்க, அவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமா நீ? இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? போன தபா துன்னூறு போட்ட, வந்துச்சு. இந்த தபா போடல, வரல. மறுபடி போட்டுடு. மேட்டர் ஓவர்."

"அது அப்படி இல்லடா."

"வேற எப்டி? அந்தம்மா பேரு கெடுதா இல்லியா? நீ போட்டா நல்லாவுதா இல்லியா? சாமி ஹாப்பி, அந்தம்மா ஹாப்பி, கம்பெனி ஹாப்பி. நீ இன்னாத்துக்கு மாமா நடுவுல டிராபிக் போலீஸ் மாதிரி நிக்கிற?"

சிக்னல் விழுந்தது. அவன் சொன்னதில் குறை கண்டுபிடிக்க எனக்கு மயிலாப்பூர் வரைக்கும் முடியவில்லை.

மறுநாள் காலை கபாலி சன்னதியில் நின்றேன். மூன்றாவது சோதனை நான் மஸ்கட் திரும்பியதும் நடக்கும். அதில் எப்படியாவது எண்ணெய் வர வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். குருக்கள் என் உள்ளங்கையில் திருநீறு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஒரு அம்மா, "வாங்கினா நகருங்கோ, நாங்களும் தரிசனம் பண்ண வேண்டாமா?" என்றார்.

நகர்ந்தேன். நகரும்போதுதான் ஒரு கணக்கு தோன்றியது. ஒரு சின்னப் பாத்திரத்துக்கே ஐந்து சிட்டிகை. அந்தக் கல்லின் சொல்லை நம்பி நாளைக்கு அவர்கள் பாலைவனத்தில் பெரிய குழாய் போட்டு, கடல் அளவு தண்ணீர் விடுவார்கள். அதற்கு யார் சிட்டிகை போடுவது? எத்தனை மாட்டுக் கொட்டகை வேண்டும்? வராமல் போனால் அத்தனையும் அந்தப் பெண்ணின் தலையில் விடியும். நான் சாமியிடம் எண்ணெய் கேட்கவில்லை. என் பொய்க்கு அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறேன்.

திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டேன். மீதியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது தண்ணீரைக் கலக்கும்போது அந்தப் பொட்டலம் பாக்கெட்டில்தான் இருந்தது. விரல் இரண்டு தடவை அதைத் தொட்டது. அப்புறம் கையுறையைப் போட்டுக்கொண்டேன், தொட முடியாதபடி. கலக்கி முடித்ததும் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

5

ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று விமானத்திலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. பொட்டலத்தை மேஜை மேல் பிரித்து வைத்து, என் நெற்றியைக் காட்டி, பிறகு பாத்திரம் இருக்கும் திசையைக் காட்டி, ஐந்து விரலையும் விரித்தேன். மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

சிரிக்கவில்லை. இதை நான் எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொட்டலத்தைச் சிந்தாமல் மடித்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "நானும் வால்வைத் திறக்கும்போது இறைவன் பெயரைச் சொல்லித்தான் திறக்கிறேன், ஏகாம்பரம். ஆனால் தொட்டியில் எதையும் போடுவதில்லை."

தலையை ஆட்டினேன்.

"நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். அதற்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு காகித வேலை. இந்த நாடுகளில் தப்பு செய்வது சுலபம், அதைப் பதிவு செய்வதுதான் கஷ்டம். பாதுகாப்பு அதிகாரி ஒருவர், நல்ல மனிதர், கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்தார். கலந்த பொருள் எது என்று ஒரு பட்டியல் வந்தது: எண்ணெய், கிரீஸ், தூசி, பூச்சி. திருநீறு இல்லை. "பூச்சி என்று போடட்டுமா?" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். "மற்றவை" என்று போட்டார். அப்படிப் போட்டால் அடுத்த பக்கம் திறக்கும். தயாரித்தவர் யார், தயாரித்த தேதி, காலாவதி தேதி, என்ன மூலப்பொருள், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

"கண்ணில் பட்டால் ஒற்றிக்கொள்வோம்," என்றேன். அவர் அதையே எழுதிவிட்டார்.

மற்றதற்கெல்லாம் தணிகாவைக் கூப்பிட்டேன். அவன் கோயில் வாசல் கடைக்கே போய் வீடியோவில் வந்தான்.

"மாமா, சாம்பலுக்குப் போய் காலாவதி தேதி கேக்குறியே, உனக்கே நல்லாக் கீதா? அதான் ஏற்கெனவே எரிஞ்சி போச்சே, இன்னும் இன்னா கெட்டுப் போவும்?"

"கேளுடா. வேலை விஷயம்."

கடைக்காரர் ஓரமாக எட்டிப் பார்த்தார். "யாருப்பா லைன்ல? கார்ப்பரேஷனா?"

"இல்ல நைனா, எங்க மாமா. அரபு நாட்டுல எண்ணெ ஆராய்ச்சி. உங்க கட துன்னூற போட்டுட்டாரு."

"போட்டு?"

"எண்ணெ வந்துச்சாம்."

"மெய்யாலுமா?"

"ரெண்டு கோடுடா! கண்ணாடிக் குழாயில ரெண்டே ரெண்டு கோடு! அதுவும் சோதனை கெட்டுப்போச்சு!" என்று நான் இங்கிருந்து கத்தினேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. கடைக்காரர் காதில் கடைசியாக விழுந்தது "எண்ணெ வந்துச்சாம்" மட்டும்தான். அடுத்த லீவில் போனபோது கடையில் ஒரு பலகை தொங்கியது: அரபு நாடு வரை புகழ் பெற்ற அசல் திருநீறு. அன்றைக்கே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்து, காசு வேண்டாம் என்றார். நான் சும்மா இருந்துவிட்டேன். அந்தப் பலகைதான் ஏழு வருஷத்தில் மூட்டையாகவும் தென்னைமரமாகவும் வளர்ந்திருக்கிறது.

மேடம் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பார்த்தார். பொடி நின்றுவிட்டது, நான் நினைத்தது சரி. ஆனால் சாணச் சாம்பலிலிருந்து காரம் கரைந்து கீழே இறங்கியிருந்தது. அந்தக் காரம் கச்சா எண்ணெயோடு சேர்ந்து லேசாகச் சோப்பு மாதிரி ஆகி, கல்லைக் கழுவிவிட்டது. நான் அருள் என்று நினைத்தது சீயக்காய் வேலை. திரும்பவும் ஐந்து சிட்டிகையை எடைபோட்டுக் கலந்து ஒரு தடவை ஓட்டினார். இரண்டு கோடு வந்தது. மேடம் எண்ணைக் கூட்டி எழுதவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. தலைமை அலுவலகத்தில் கேள்விகள் நின்றன.

எதுவும் போடாத தண்ணீரில் எவ்வளவு அதிகமாக வந்தது தெரியுமா? அரைக் கோடு. மூன்று தடவை செய்தாலும் அதே அரைக் கோடு. கேக் இல்லை. ஆனால் அந்த அரைக் கோட்டை நம்பித்தான் இன்றைக்கு ஒரு வயலில் தண்ணீர் மாற்றி விடுகிறார்கள்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலையை எடுக்கவில்லை. கூடத்தில் "அளவில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது" என்று ஐந்து மொழியில் பலகை வைத்தார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தது நான். கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

6

வாட்ஸ்அப் கதையை என் மகள் பவித்ராதான் முதலில் சந்தேகப்பட்டாள். இங்கே மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வதை விட்டு நாளாகிவிட்டது. கேட்டால், "வெச்சுக்கிட்டேன்ப்பா, மூஞ்சி கழுவினதுல போயிடுச்சு," என்பாள்.

"அப்பா, இது நீதானே? ஏன் எல்லாம் தப்புத் தப்பா இருக்கு?" என்றாள். குழுவில் ஆங்கிலத்தில் நீளமாகத் திருத்தம் எழுதினாள். தணிகா கும்பிடும் கை படம் ஒன்று போட்டான். மற்றவர்கள் அதே கதையை மறுபடியும் அனுப்பினார்கள்.

"இதுல உன் சாமி ஜெயிச்சுதா, தோத்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

"சாமி போட்டிக்கே வரல்லம்மா. அப்பாதான் இழுத்துட்டுப் போனேன்," என்றேன். அன்று விளக்கேற்றும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட எனக்குத் துணிவில்லை.

மறுநாள் அந்தக் கதையை ஷம்ஸா மேடத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். என் குரல் கேட்டால் போனை எடுப்பார். தென்னைமரம் வரும்போது ரசித்துச் சிரித்தார். பெண் அதிகாரி வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

"நான் சிரிக்கவே இல்லையே, ஏகாம்பரம்," என்றார்.

ஒரு தடவை அவர் பெயர் என்னால் கெட்டது, ஒரு அறைக்குள்ளே. நான் வாய் திறந்ததும் சரியாகிவிட்டது. இப்போது ஊர் முழுக்கக் கெடுகிறது. பெயர் தெரியாத பெண் என்றாலும், அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், கபாலிக்குத் தெரியும்.

ஆகையால் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் சொந்தபந்தங்களே, அந்த மூட்டைக் கதையை அனுப்பிய அத்தனை பேருக்கும் இதையும் அனுப்புங்கள். அனுப்பினால் நல்ல சேதி வரும் என்று என்னால் சொல்ல முடியாது. விஞ்ஞானி என்று போடாதீர்கள், ஃபிட்டர் என்றே இருக்கட்டும். இரண்டு கோட்டை மூன்றாக்க வேண்டாம். சாமியைப் பெரிதாக்குகிறோம் என்று எண்ணெயை உயர்த்த வேண்டாம், அவர் ஏற்கெனவே பெரியவர்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை என்ற வரி மட்டும் எங்கும் விட்டுப்போகக் கூடாது.

பக்தி மிகுந்து உங்கள் கையும் பாக்கெட்டுக்குப் போகும், எனக்குத் தெரியும். ஐந்து சிட்டிகை நானே போட்டுவிட்டேன். ஆறாவது சிட்டிகையை நீங்கள் போட்டுவிடாதீர்கள்.